மயில் தரப்பில் தவமணி

தம்பிகளே, தங்கச்சிகளே, கத்திரி வெயில் காலத்தில் மதுரைச் சீமையில் தீ மூட்டிக் கூட்டம் போடுகிற வேலைக்கு நீங்களாகவே விரும்பி வந்திருக்கிறீர்கள் என்று சொன்னார்கள். முதலில் உங்கள் தைரியத்துக்கு ஒரு கும்பிடு.

நான் இந்த வேலையை விட்டு ஓய்வு பெற்று, விளாங்குடியில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறேன். இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்து ஆபீஸில் கிளார்க். ஒரு நாள்கூட வகுப்பில் பாடம் எடுத்ததில்லை. ஆனாலும் நான் போன ஊரிலெல்லாம் எனக்கு 'டீச்சர்' என்றுதான் பெயர். கையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஆந்தையைப் பற்றிப் பேசுகிற பெண்பிள்ளையை வேறு என்னவென்று கூப்பிடுவது என்று ஜனங்களுக்குத் தெரியவில்லை. முதலில் மறுத்துப் பார்த்தேன். அப்புறம் விட்டுவிட்டேன். நீங்களும் விட்டுவிடுங்கள்.

கோடை விடுமுறையில் ஊர் ஊராகப் போய், சாயங்காலம் தீ மூட்டி, சுற்றி உட்கார வைத்து, அந்த ஊர்ப் பறவையையும் மலையையும் பழைய கதையையும் பேசுவது என்பது குளிர்கிற தேசத்தில் யாரோ கண்டுபிடித்த ஏற்பாடு. எங்கள் அறக்கட்டளையில் யாருக்கோ அது பிடித்துப்போய்விட்டது. முதல் கூட்டத்திலேயே ஓர் அம்மா எழுந்து, "ஏற்கெனவே வெந்துக்கிட்டுத்தான டீச்சர் இருக்கோம், இதுல தீ வேறயா?" என்று கேட்டார். பேசப் பேச ஜனங்கள் உட்கார்ந்தபடியே பின்னால் நகர்ந்தார்கள். முடிக்கும்போது தீப்பக்கத்தில் நான் மட்டும் வியர்த்து நின்றேன். அவர்கள் தூரத்தில் சுவரோரமாக, தீ மிதிக்கப் போகிறவளைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதனால் சொல்கிறேன், தீ சோறு பொங்குகிற அளவுக்கு இருந்தால் போதும். பக்கத்தில் இரண்டு வாளி தண்ணீர். காற்று உங்கள் முகத்துக்கு அடிக்க வேண்டும், அவர்கள் முகத்துக்கு அல்ல.

இன்னொன்று. 'இலவசம்' என்ற சொல்லை மைக்கில் சொல்லாதீர்கள். கொட்டாம்பட்டிப் பக்கம் ஓர் ஊரில் எங்கள் டிரைவர் பாண்டி வேனில் மைக் கட்டி, "அனைவரும் வருக, முற்றிலும் இலவசம்!" என்று தெருத் தெருவாகச் சொல்லிவிட்டான். நல்ல கூட்டம். பாறையில் வெட்டிய பழைய கல்வெட்டுகளைப் பற்றி உருகி உருகிப் பேசினேன். ஒருவரும் அசையவில்லை. மயங்கிப்போய் இருக்கிறார்கள் என்று எனக்கு ஒரே பெருமை. முடித்த பிறகும் எழுந்திருக்கவில்லை. அப்புறம்தான் பார்த்தேன், ஆளுக்கொரு தூக்குச்சட்டி வைத்திருந்தார்கள்.

"என்ன குடுக்குறீக டீச்சர்? பிரியாணியா, தக்காளிச் சோறா?"

"இல்லைங்கய்யா, பேச்சுத்தான் இலவசம்."

"பேச்சா?" என்றார் அந்தப் பெரிய மனிதர். "அதுக்குக் காசு வேற வாங்குவாகளா?"

இதெல்லாம் சின்ன விஷயம். பட்டால் இரண்டாம் முறை தானாகச் சரியாகிவிடும். நான் உங்களுக்குச் சொல்ல நினைத்தது எழுமலைக்கு அந்தப் பக்கம் நடந்த ஒரு கூட்டத்தைப் பற்றி. ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் தவமணியக்கா பஸ் ஏறி வந்து என் வாசலில் நின்று, "எங்கூர எதுக்கு இழுத்தீக?" என்று கேட்பார். அவரிடம் பேசி ஜெயிக்க என்னால் ஆகாது. ஏன் ஆகாது என்பதுதான் கதையே.

அன்றைக்குத் தலைப்பு மயில். எங்கள் ஒருங்கிணைப்பாளர் சார், நல்ல மனிதர், ஏசி அறையில் உட்கார்ந்து உரையைத் தானே எழுதி அனுப்பியிருந்தார். 'கார்மேகம் கண்டு களிநடம் புரியும் கலாப மயிலே' என்று ஆரம்பிக்கும். வேனில் போகும்போது அதை வாசித்துக் காட்டினேன். பாண்டி கேட்டுவிட்டு, "அக்கா, இது கல்யாணப் பத்திரிகையா?" என்றான்.

பொழுது சாயும் நேரத்துக்கு ஊர் போய்ச் சேர்ந்தோம். கண்மாய்க் கரையோரம் பள்ளிக்கூட மைதானம். அதற்கு எதிரே ராசாங்கம் அண்ணனின் டீக்கடை. எங்களுக்கு அந்த ஊரில் இடம் பேசிக்கொடுத்தது, கரண்டு கொடுத்தது எல்லாம் அவர்தான். டீயைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டார்.

"இன்னைக்கு எதப் பத்தி டீச்சர்?"

"மயிலைப் பத்திண்ணே."

அவர் முகம் போன போக்கைப் பார்த்து டீயைக் கீழே வைத்தேன்.

"வேற எதுவும் இல்லையா? போன வருசம் ஆந்தையப் பேசுனீகள்ல, அதையே திருப்பிப் பேசுங்களேன். நல்லாத்தான இருந்துச்சு."

"ஏண்ணே?"

அவர் கடையை ஒரு தரம் சுற்றிப் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார். ஊரில் தவமணி என்று ஒருவர். புருசன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. இவர் ஒருவராகக் கிணற்றுத் தண்ணீரை வைத்துக் கடலை போட்டிருக்கிறார். எல்லாரும் அவரவர் கடலையைப் பிடுங்கிவிட்டார்கள். இவருடையது மட்டும் விளைந்து மண்ணுக்குள் கிடக்கிறது. பிடுங்க ஆள் கிடைக்கவில்லை. சிலர் மல்லிகைப் பூ எடுக்கப் போகிறார்கள், சிலர் நூறு நாள் வேலைக்கு.

"ஊருல இருக்க அம்புட்டு மயிலுக்கும் இப்ப அவ கடலைக் காட்டுலதான் பந்தி. மண்ணச் சீச்சுச் சீச்சுத் தின்னுதுக. பாவம், பகல் பூரா தகரத்தத் தட்டிக்கிட்டு நிக்கிறா." குரலை இன்னும் இறக்கினார். "வீட்டுல மக்காச்சோளம் ஊறுதாம் டீச்சர். பூச்சிக்குப் போடுற குருணை மருந்துல. விடியக்காலம் வரப்பு பூரா எறைக்கப் போறா."

மயிலைக் கொன்றால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். ஜாமீன்கூட லேசில் கிடைக்காது. அது தவமணிக்கும் தெரியும் என்று அண்ணன் சொன்னார். தெரிந்தும் ஊற வைத்திருக்கிறார் என்றால் எவ்வளவு ஆத்திரம் இருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்த விஷம் மயிலோடு போவதில்லை. கோழி தின்னும், ஆடு தின்னும், நாய் தின்னும்.

ஒருங்கிணைப்பாளர் சாருக்குப் போன் போட்டேன். "உடனே வனத்துறைக்குச் சொல்லிடுங்க. இல்லைன்னா புரோகிராமைக் கேன்சல் பண்ணிட்டுக் கிளம்பி வந்துடுங்க" என்றார். நாலு சுவருக்குள் இருந்து பார்த்தால் இரண்டுமே சரிதான். ஆனால் அந்த டீக்கடை வாசலில் நின்று பார்த்தால்? சொன்னால், ஒரு தப்பும் நடக்காதபோதே ஒரு பெண்பிள்ளை வீட்டு வாசலில் ஜீப் வந்து நிற்கும். கிளம்பிப்போனால், விடிகாலையில் தப்பு நடந்துவிடும், அப்புறமும் ஜீப் வந்து நிற்கும். "யோசிச்சுச் சொல்றேன் சார்" என்று வைத்துவிட்டேன். கூட்டம் முடியட்டும், அதற்குள் ஒன்றும் தேறவில்லை என்றால் கட்டாயம் வனத்துறைக்குப் போன் போடுவது என்று எனக்குள் ஒரு முடிவு. போடாமலே விடுவது என்று நான் நினைக்கவில்லை. இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், நாளைக்கு நீங்கள் என்னைக் காட்டித் தப்பிக்கக் கூடாது.

பாண்டி தீ மூட்டினான். கூட்டம் சேர்ந்தது, வழக்கம்போலத் தள்ளித் தள்ளி. முன்வரிசையில் ஓர் அம்மா மட்டும் சூட்டைப் பற்றிக் கவலையே இல்லாமல் தீக்கு நேர் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகியிருந்தார். கையெல்லாம் செம்மண். யாரும் சொல்லாமலே எனக்குத் தெரிந்துவிட்டது.

கையிலிருந்த உரையைப் பிரித்தேன். "கார்மேகம் கண்டு களிநடம் புரியும் கலாப..."

"டீச்சர், ஒரு சந்தேகம்."

"சொல்லுங்கக்கா."

தவமணியக்கா எழுந்து நின்றார். "மேகத்தக் கண்டா மயிலு ஆடும்ங்கிறீக. எங்க ஊருல மழை பேஞ்சு எம்புட்டு மாசமாச்சு? வானம் வெள்ளையா வெளுத்துக் கெடக்கு. அப்ப எதக் கண்டு ஆடுது? என் கடலையக் கண்டுதான ஆடுது?"

கைதட்டல் கிளம்பியது பாருங்கள், என் பேச்சுக்கு அப்படி ஒன்று வாழ்நாளில் கிடைத்ததில்லை. அதைக் கேட்டதும் ஆளாளுக்கு எழுந்துவிட்டார்கள். ஒருவருக்கு மக்காச்சோளம் போயிருந்தது. ஒருவருக்கு மிளகாய் நாற்று. ஒருவர் வீட்டுக் கூரை ஓடுகளை மயில் ஏறி உடைத்துவிட்டதாம். பின்னாலிருந்து ஒரு சத்தம்: "தேசியப் பறவைண்டா டெல்லில வச்சுத் தீனி போடுங்கப்பா! எழுமலைக்கு எதுக்கு அனுப்புனீக?" இன்னொருவர், "வேன்லதான வந்திருக்கீக, போகும்போது ஒரு பத்த ஏத்திக்கிட்டுப் போங்க" என்றார். பாண்டி இதைக் கேட்டதும் மைக் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்துவிட்டான். அவனுக்கு ஆம்ப்ளிஃபயர்தான் உயிர்.

இந்த இடத்தில்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். கூட்டம் திரும்பிக்கொண்டால் நமக்கு முதலில் வருகிற ஆசை, விளக்கம் சொல்வது. 'அப்படி இல்லைங்க, மயில் சுற்றுச்சூழலுக்கு' என்று வாய் தானாகப் போகும். எனக்கும் போனது. ஆனால் தவமணியக்காவின் முகத்தைப் பார்த்தேன். நான் மயிலுக்காக ஒரு வார்த்தை பேசினால் போதும், அந்த அம்மா பொழுது விடியும்வரைகூடக் காத்திருக்க மாட்டார்.

உரையை மடித்தேன். அப்படியே தீயில் போட்டேன். கலாப மயில் குப்பென்று பற்றிக்கொண்டது.

"நீங்க சொல்றது நியாயம்" என்றேன். "அப்படின்னா மயில் மேல இப்பவே கேஸ் போட்டுருவோம். ராசாங்கம் அண்ணன்தான் ஜட்ஜ். குற்றம் சாட்டுற வக்கீல் நான்."

ராசாங்கம் அண்ணன் இதை எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் ஏறி உட்கார்ந்த தோரணையைப் பார்த்தால், எத்தனையோ வருசமாக யாராவது கூப்பிடமாட்டார்களா என்று இருந்தவர் மாதிரி இருந்தது.

"மயிலுக்கு யாரு வக்கீல்?" என்று கேட்டார்.

ஒருவரும் வரவில்லை. எல்லாருக்கும் என் கட்சியில்தான் இடம் வேண்டியிருந்தது.

"எதிர் வக்கீல் இல்லாம கேஸ் நடத்த முடியாதுண்ணே" என்றேன். "இந்த ஊருல வாதாடி ஜெயிக்கிற ஆளு யாரு இருக்கா?"

அத்தனை தலையும் முன்வரிசைப் பக்கம் திரும்பியது. பிற்பாடு விசாரித்தேன். ஊருக்குப் பிரிகிற விலக்கில் நிற்காமல் போய்க்கொண்டிருந்த பஸ்ஸை நடுரோட்டில் மறித்து, கண்டக்டர், டிரைவர், உள்ளே இருந்த பயணிகள் எல்லாரிடமும் வாதாடி, ஊருக்கு ஸ்டாப்பிங் வாங்கிக் கொடுத்தவர் தவமணியக்காதானாம்.

"நானா? அதுக்கா?" என்றார் அவர். "எனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு?"

"சரிக்கா, வேணாம். கஷ்டமான கேஸ்தான். உங்களால முடியாதுண்டா விட்ருவோம்."

இவ்வளவுதான் நான் சொன்னது. அதைச் சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டேன்.

"ஆரால முடியாது?" என்று முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது.

நான்தான் முதலில் ஆரம்பித்தேன். மனசில் இரக்கமே இல்லாமல் பேசினேன். மயில் ஒரு திருட்டுக் கழுதை என்றேன். உழைக்காமல் தின்கிற சோம்பேறி, ஜரிகை வேட்டி கட்டிக்கொண்டு பந்திக்கு முந்துகிற மைனர் என்றேன். கூட்டம் விசில் அடித்தது. "காசுக்குப் பிரயோசனம் உண்டா அதால? குரலாவது நல்லா இருக்கா? ஒண்ணுத்துக்கும் உதவாத ஜென்மம்!" என்று முடித்தேன்.

"ஒண்ணுத்துக்கும் உதவாதா?" தவமணியக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டார். "டீச்சர், வாய் இருக்குண்டு பேசக் கூடாது. போன ஐப்பசியில கெணத்து மேட்டுல களை எடுத்துக்கிட்டு இருக்கேன். ஒரு பொட்ட மயிலு நின்டு காட்டுக் கத்தாக் கத்துது. சனியனே போண்டு மண்ணுக் கட்டிய எடுக்கக் கையக் கொண்டு போறேன், அந்தக் கட்டிக்குப் பக்கத்துல கண்ணாடி விரியன் சுருண்டு கெடக்கு. அது கத்தலேண்டா இன்னைக்கு நான் போட்டோவுல இருப்பேன். ஒங்களுக்கு எதிரா யாரு பேசியிருப்பா?"

கூட்டம் "ஓ" என்றது.

பின்னாலிருந்து ஒருவர் எனக்கு உதவிக்கு வந்தார். "பாம்பத் தின்னுதுல்ல, அதான் எலி பெருகிப்போச்சு!"

"எலியத் திங்கிற நரி எங்க போச்சு அண்ணே? மலையடியில புதரு பூராவும் வெட்டி வித்தது யாரு, மயிலா? அருவாளத் தூக்கிக்கிட்டு மயிலு போனத நீரு பாத்தீரா?"

வித்தவர் அவரேதான் போலிருக்கிறது. சட்டென்று உட்கார்ந்துவிட்டார்.

"முருகன் வாகனத்த இப்பிடிப் பேசலாமா?" என்று அடுத்த கணையை எடுத்தார் அக்கா.

அதற்கு ஒரு கிழவர், "வண்டிக்குச் சொந்தக்காரரு பழனில இருக்காரு. பெட்ரோலு மட்டும் நாங்க போடணுமாக்கும்?" என்று கேட்டார். ஜட்ஜே சிரித்துவிட்டார். நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்தது.

ஆனால் தவமணியக்கா சிரிக்கவில்லை. அவருக்கு உருவேறிவிட்டது. தோற்கிற பழக்கம் இல்லாதவர்களுக்கு, எந்தக் கட்சி என்பது கொஞ்ச நேரத்தில் மறந்துபோகும். "கேளுங்க எல்லாரும்! அது பாட்டுக்கு மலையில கெடந்துச்சு. நாமதான் வெடி வச்சு மலைய ஒடைச்சோம். அது வீட்ட ஒடைச்சுப்புட்டோம், அது நம்ம வீட்டுக்கு வந்திருச்சு. கொள்ளையடிக்கவா வந்துச்சு? போக எடமில்லாம வந்துச்சு. வீடு தேடி வந்ததுக்கு ஒரு வாய் சோத்தப் போடுறதா, இல்ல வெசத்தக் கலந்து..."

நின்றுவிட்டார்.

ஊருக்கே தெரியும் மக்காச்சோளம் ஊறுவது. ஒருவரும் அவரைப் பார்க்கவில்லை. அவரவர் கால் விரலைப் பார்த்தார்கள். ஜெயித்துவிட்டோம் என்று தோன்றவே இல்லை. ஒரு மனுசியை நடுச் சபையில் நிறுத்திவிட்டோமே என்றுதான் இருந்தது.

அந்த நேரம் பார்த்து, கண்மாய்க் கரைப் புளியமரத்தில் அடைந்திருந்த மயில் ஒன்று "க்யாவ்" என்று கத்தியது.

"குற்றவாளி கூண்டுக்குள்ள சத்தம் போடக் கூடாது!" என்றார் ராசாங்கம் அண்ணன்.

கூட்டம் உருண்டு சிரித்தது. தவமணியக்காவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்த மயில் மட்டும் வாயைத் திறக்கவில்லை என்றால் அன்றைக்கு என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. இந்த வேலையில் பாதி நம் சாமர்த்தியம், மீதி இப்படித்தான். பெருமைப்பட்டுக்கொள்ளாதீர்கள்.

ஜட்ஜ் தீர்ப்புச் சொன்னார். "மயிலுக்கு விடுதலை."

அக்கா முகத்தில் ஒரு வெளிச்சம். சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு அந்த வெளிச்சம் அப்படியே வடிந்தது. "அப்ப என் கடலை?"

"வக்கீலு ஜெயிச்சாச்சு, வாதி தோத்தாச்சு. ரெண்டும் நீதானத்தா!" என்று யாரோ சொன்னார்கள். மறுபடியும் சிரிப்பு. இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. உட்கார்ந்துவிட்டார்.

"ஒவ்வொரு வாசலா ஏறி எறங்குனேன்" என்றார். குரல் பெரிசாக இல்லை, ஆனால் எல்லாருக்கும் கேட்டது. "கடலை புடுங்க வாங்க, வாங்கண்டு. எவளாச்சும் வந்தீகளா? ஒங்க கடலையெல்லாம் மூட்டையில இருக்கு. என்னது மட்டும் மண்ணுக்குள்ள கெடக்கு. மயிலு எங்க போகும், எங்கிட்டத்தான வரும்."

எனக்குச் சொல்வதற்கு எத்தனையோ வந்தது. ஆறுதல் வந்தது, கூட்டுறவு வந்தது, வனத்துறை இழப்பீட்டுக்கு எப்படி மனு எழுதுவது என்பதுகூட வந்தது. வாயைத் திறக்கவில்லை. இத்தனை வருசப் பேச்சு வேலையில் நான் செய்த உருப்படியான காரியம் எது என்று கேட்டால், அந்தக் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டு நின்றதுதான். மைக்கைப் பிடித்த கைக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று நீங்களே ஒரு நாள் பார்ப்பீர்கள். பாண்டி எனக்கு ஜாடை காட்டினான், பேசுங்கக்கா, பேசுங்கக்கா என்று. முறைத்தேன்.

பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. "மதினி, காலையில வெள்ளென நான் வாரேன். கூலி வேணாம். எங்க நாத்து நடவுக்கு நீ வந்துரு."

"நானும் வாரேன்" என்றது இன்னொரு குரல். "பூவுக்கு ஒரு நாள் போகாட்டி மல்லிய என்ன கோவிச்சுக்கிறவா போகுது?"

அப்புறம் ஒவ்வொருவராக. புதர் வெட்டி வித்த அண்ணனும் வருகிறேன் என்றார். இவ்வளவு நேரம் சும்மா இருந்த ஜட்ஜ், எல்லாம் தன் ஏற்பாடு மாதிரி துண்டைச் சரிசெய்துகொண்டார்.

"தீர்ப்பு இன்னும் முடியலப்பா! கடலையப் புடுங்கிக் குடுக்கிறது ஊர் பொறுப்பு. கோர்ட்டு உத்தரவு. அப்புறம், அந்த மயிலத் திருட்டுக் கழுதைண்டு சொன்னாகள்ல, அந்த வக்கீலம்மாவும் வந்து புடுங்கணும்."

"ஜட்ஜய்யா, எனக்கு முதுகு..."

"அப்பீலு கெடையாது" என்றார்.

கூட்டம் கலைந்தது. சாமான்களை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தோம். போன் என் கையில்தான் இருந்தது. தவமணியக்கா தயங்கித் தயங்கி வந்தார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும். அந்தச் சோளத்த என்ன செய்ய? குப்பையில கொட்டுனா கோழி கெளறிரும். கெணத்துப் பக்கம் ஆகாது."

நான் போனைப் பைக்குள் போட்டேன்.

மூன்று பேரும் அவர் வீட்டுக்குப் போனோம். கொல்லையில், கிணற்றுக்கும் தொழுவத்துக்கும் எட்டாத தூரத்தில் பாண்டி ஆழமாகக் குழி வெட்டினான். "டிரைவர் வேலைண்டுதான கூப்ட்டீக, இதெல்லாம் யாரு சொன்னா?" என்று ஒவ்வொரு மண்வெட்டிக்கும் கேட்டுக்கொண்டே வெட்டினான். கையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு அக்கா சோளத்தைச் சட்டியோடு உள்ளே இறக்கினார். மண் தள்ளி, மேலே ஒரு கல்லைப் புரட்டி வைத்தோம். சோப்புப் போட்டுக் கையைக் கழுவினார், கழுவினார், கழுவிக்கொண்டே இருந்தார். போதும் என்று நான்தான் பைப்பை மூடினேன்.

"பிள்ளைக ரெண்டும் ஸ்கூலு லீவுக்கு அம்மாச்சி வீட்டுக்குப் போயிருக்குதுக" என்றார். "அதான் ஊற வச்சேன். இருந்திருந்தா வச்சிருக்க மாட்டேன்." அவ்வளவுதான் அதைப் பற்றிப் பேசியது.

அன்றிரவு பள்ளிக்கூட வராந்தாவில் படுத்தோம். காலையில் கருக்கலோடு காட்டில் நின்றேன். கடலை பிடுங்குவது குனிந்து குனிந்து நிமிர்கிற வேலை. குனிந்தது எனக்கு நினைவிருக்கிறது. நிமிர்ந்தது நினைவில்லை. "சேசுவே" என்று நான் முனகியபோதெல்லாம் பக்கத்து நிரையில் இருந்த பெண்கள், "வக்கீலம்மா யாரையோ சாட்சிக்குக் கூப்பிடுறாக" என்றார்கள்.

நேரம் ஏறும்போது வரப்பில் மயில்கள் வந்து வரிசையாக நின்றன. பந்தி கலைந்துவிட்டதை நம்ப முடியாமல் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தன.

"பாருங்க டீச்சர்" என்றார் தவமணியக்கா. "தொண்டத் தண்ணி வத்தக் கேஸு ஜெயிச்சுக் குடுத்திருக்கேன். ஒரு நன்றி இருக்கா அந்த மூஞ்சியில?" கட்டியை எடுத்து வீசினார். தோகையோடு ஒரு மயில் ஓடிய ஓட்டத்தில் கலாபமும் இல்லை, களிநடமும் இல்லை.

கடலையில் நல்ல பங்கு போயிருந்தது. அதை மறைக்கக் கூடாது. மிச்சம்தான் மூட்டைக்கு வந்தது. ஆனால் மயிலும் சாகவில்லை, அக்கா வாசலில் ஜீப்பும் நிற்கவில்லை. ஆபீஸில் ஒருங்கிணைப்பாளர் சார், "மக்கள் மயிலின் அருமையை உணர்ந்தாங்களா?" என்று கேட்டார். "உணர்ந்தாங்க சார். எனக்குத்தான் இடுப்புல உணர்ச்சியே இல்லை" என்றேன்.

இதைக் கேட்டுவிட்டு, போகிற ஊரிலெல்லாம் கோர்ட் நடத்தலாம் என்று கிளம்பிவிடாதீர்கள். நானும் கிளம்பினேன். அடுத்த மாதமே வேறோர் ஊரில் குரங்கு மேல் கேஸ் போட்டேன். குரங்குக்கு வக்கீலாக ஒருவரைக் கூப்பிட்டேன். தன்னைக் குரங்கு என்று சொல்லிவிட்டதாக எடுத்துக்கொண்டு அவர் சொந்தபந்தத்தோடு எழுந்து போய்விட்டார். மீதிப் பேரும் அவரைச் சமாதானப்படுத்தப் போய்விட்டார்கள். நானும் பாண்டியும் தீயில் சோளக்கதிர் சுட்டுத் தின்றுவிட்டு வந்தோம். அதனால் தந்திரத்தைக் கற்றுக்கொள்ளாதீர்கள். பேச ஆரம்பிப்பதற்கு முன்னால் டீக்கடையில் உட்கார்ந்து, ஊர் எதற்காகத் தூங்காமல் இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். மீதியை அங்கே நிற்கும்போது யோசிக்கலாம்.

அடுத்த கோடையில் அந்த ஊருக்கு மறுபடி போனோம். வேனிலிருந்து நான் இறங்கக்கூட இல்லை, தவமணியக்கா ஜன்னலுக்கு வந்துவிட்டார். பின்னாலேயே ஒரு கூட்டம், ராசாங்கம் அண்ணனின் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு.

"வாங்க டீச்சர். இந்த வருசம் காட்டுப் பன்னி. வள்ளிக்கெழங்கு ஒண்ணு விடாம தோண்டிருச்சு. கேஸப் போடுங்க."

"போடுவோம்க்கா."

அவர் ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சுற்றி நின்றவர்களைத் திரும்பி ஒருமுறை முறைத்துவிட்டு என்னிடம் சொன்னார்:

"ஆனா ஒண்ணு, இப்பவே சொல்லிப்புட்டேன். பன்னிக்கு வேற ஆளப் பாத்துக்கிருங்க."